ஷாத்தோ தீஃப்: தப்பித்தவன் பெயரில் ஓர் அறை, தப்பிக்காதவர்களுக்கு ஒரு பலகை

பிரான்சின் துறைமுக நகரமான மார்சேய்க்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, மாண்டி கிறிஸ்டோ நாவலில் வரும் ஷாத்தோ தீஃப் தீவுச் சிறைக்குப் போகலாமா என்பதுதான். போகலாம். ஆனால் காற்றைப் பார்த்துவிட்டுப் போங்கள், கூட வருகிறவரின் மூட்டு எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிட்டுப் போங்கள். கோட்டைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். படகுப் பயணத்துக்கும் நான்குதான். அங்கே வைத்திருக்கும் விளக்கப் பலகைகளுக்கு மூன்றுக்கு மேல் கை வரவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

படகு பழைய துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது. மெட்ரோவில் அதே பெயருள்ள நிலையத்தில் இறங்கினால் மீன் விற்கும் இடம், அதை ஒட்டியே படகுக் கவுண்டர். படகு டிக்கெட் தனி, கோட்டைக்குள் நுழையும் டிக்கெட் தனி. இது தெரியாமல் தீவில் இறங்கியதும் மறுபடி பர்ஸைத் திறக்கச் சொல்கிறார்களே என்று ஒரு குடும்பம் எனக்கு முன்னால் புலம்பிக்கொண்டிருந்தது. கோட்டை அரசின் தேசிய நினைவுச் சின்னங்கள் மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் நுழைவு இலவசம், ஐரோப்பிய ஒன்றியத்தவராக இருந்தால் இருபத்தைந்து வயதுவரை இலவசம். என் பையனுக்கு அதனால் செலவு மிச்சம். மிச்சமான காசு துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு உணவகத்தில் புயாபேஸ் என்று சொல்லிக் கொடுத்த மீன் ரசத்தில் போய்விட்டது. நம்ம ஊர் மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது சுடுதண்ணீரில் குங்குமப்பூ. சரி, அது வேறு கதை.

காற்று என்று சொன்னேன் அல்லவா. இங்கே மிஸ்த்ரால் என்று ஒரு வடமேற்குக் காற்று உண்டு. மழைமேகத்தோடு வராது, வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருக்கும், வெயில் பளீரென்று அடிக்கும், ஆனால் படகு தீவில் கட்ட முடியாது. நாங்கள் முதலில் போன அன்று அப்படித்தான். இவ்வளவு நல்ல வெயிலில் ஏன் படகு இல்லை என்று வரிசையில் பாதிப் பேர் சண்டை பிடித்தார்கள். யார்மேலும் தப்பில்லை. மார்சேயில் தங்குவதற்கு ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

என்னோடு வந்தவர் என் சித்தப்பா. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மின்சாரம் போன இரவுகளில் மொட்டைமாடியில் உட்காரவைத்து மாண்டி கிறிஸ்டோ கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். மின்சாரம் வந்ததும் நிறுத்திவிடுவார். "மிச்சம் அடுத்த தடவ கரண்ட் போறப்ப" என்பார். அலெக்ஸாந்தர் துமா அதை 1844 முதல் 1846 வரை ஒரு பாரிஸ் நாளிதழில் தொடராகத்தான் எழுதினார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும். சித்தப்பா சொன்ன முறைதான் ஒரிஜினல் முறை போல.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1815 பிப்ரவரி கடைசி. எட்மோன் தாந்தேஸ் என்ற பத்தொன்பது வயது மாலுமி மார்சேயில் கப்பலிலிருந்து இறங்குகிறான். அவனைக் கப்பல் தலைவனாக்கப் போகிறார்கள். மெர்சேதெஸ் என்ற பெண்ணோடு கல்யாணமும் நிச்சயம். இரண்டும் பொறுக்காத இருவர் அவன் நெப்போலியனின் ஆள் என்று ஒரு மொட்டைக் கடிதம் எழுதுகிறார்கள், பக்கத்திலிருந்த மூன்றாமவன் குடிபோதையில் பார்த்துக்கொண்டு இருக்கிறான். வழக்கை விசாரிக்கும் வில்ஃபோர் பையன் குற்றமற்றவன் என்று தெரிந்தே அவனை உள்ளே தள்ளுகிறார். பதினான்கு வருடம். பக்கத்து அறைக் கிழவர் ஃபாரியா பாதிரியார் சுரங்கம் தோண்டி இவன் அறைக்கு வந்து, படிப்பும் கொடுத்து, புதையல் இருக்கும் இடமும் சொல்லிவிட்டுச் சாகிறார். அவர் பிணத்தைத் தைத்த கோணிக்குள் இவன் புகுந்துகொள்ள, காலில் பீரங்கிக் குண்டைக் கட்டிக் கடலில் வீசுகிறார்கள். அறுத்துக்கொண்டு நீந்தித் தப்பிக்கிறான். அப்புறம் ஒன்பது வருடம் தயாராகி, 1838ல் மாண்டி கிறிஸ்டோ என்ற பெரும் பணக்காரப் பிரபுவாகப் பாரிஸுக்கு வந்து நிதானமாகப் பழிவாங்குகிறான்.

இனி கோட்டை. படகில் போகும்போது தூரத்தில் பார்த்தால் மொழுக்கென்று, ஜன்னலே இல்லாத மாதிரி மூன்று உருண்டைக் கோபுரங்கள். முதலாம் பிரான்சுவா மன்னர் ஆணையில் 1524ல் தொடங்கி 1531ல் முடித்தார்கள். துறைமுகத்தைக் காக்கக் கட்டியது. வந்த எதிரிகளைவிட உள்ளே அடைத்தவர்கள்தான் அதிகம். இறங்குதுறையிலிருந்து வாசலுக்கு ஏறும் பாதையிலும், உள்ளே மாடிக்குப் போகும் குறுகலான சுழல்படியிலும் சித்தப்பா மூச்சு வாங்கி நின்றார். சக்கர நாற்காலிக்கு இது சரிப்படாது. மூட்டு வலிக்காரர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், பார்க்கவேண்டியது பாதிக்கு மேல் அங்கேயே இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் கிணறு வைத்த சிறிய முற்றம். சுற்றிலும் அறைகள். கதவுக்கு மேலே பெயர்ப் பலகைகள். எல்லாரும் நேராக ஓடுவது தாந்தேஸ் அறைக்குத்தான். கற்பனைப் பாத்திரத்துக்குச் சிறையில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள், சுவரின் அடியில் ஃபாரியா வந்த ஓட்டையும் உண்டு. சித்தப்பா குனிந்து அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். தோள்வரை போனது. "பாப்பா, இதுல என் தலையே போவாது. பாதிரியார் எப்படி வந்தாரு?" என்றார். பதினான்கு வருடச் சிறைச் சாப்பாடு சாப்பிட்டால் போகும் என்றேன். பின்னால் நின்ற ஜெர்மன்காரர் எங்களுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். அவருக்கும் கையை விட்டுப் பார்க்கவேண்டும்.

ஓட்டை நிஜமல்ல, நாவலைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்காகச் செய்தது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 1890ல் கோட்டையைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதற்கு முன்னாலேயே நாவலைப் படித்தவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். 1867ல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் வந்தபோது அவரை அழைத்துப்போன வழிகாட்டி, பதினான்காம் லூயி காலத்து மர்மக் கைதியான இரும்பு முகமூடிக் கைதியின் அறை என்று ஒன்றையும் காட்டியிருக்கிறார். அந்தக் கைதி இந்தத் தீவில் அடைபட்டதே கிடையாது. ஆக, இங்கே புளுகுக்கு ஒன்றரை நூற்றாண்டு மரபு இருக்கிறது.

என் குறை வேறு. தாந்தேஸ் அறையில் நிற்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட மற்ற அறைகளில் யாரும் நிற்பதில்லை. நிற்கவைக்கிற மாதிரி எழுதியும் வைக்கவில்லை. பதினான்காம் லூயி 1685ல் புரொட்டஸ்டண்டுகளுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்த பிறகு, மதம் மாற மறுத்தவர்களை இங்கே கொண்டுவந்து குவித்தார்கள். துடுப்புக் கப்பல்களில் சங்கிலியோடு படகு வலிக்க அனுப்பப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. குற்றம் என்ன? வேறு மாதிரி ஜெபம் செய்தார்கள். பொய்க் குற்றச்சாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, குற்றச்சாட்டே அதுதான். அவர்களுக்கு ஒரு நினைவுப் பலகை. யாரும் அதன் முன்னால் செல்ஃபி எடுத்து நான் பார்க்கவில்லை.

கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டாயம் பாருங்கள். கீழே உள்ளவை காற்றும் வெளிச்சமும் இல்லாத இருட்டறைகள், ஒன்றில் பலரைத் திணித்தார்கள். மேலே உள்ளவற்றுக்கு பிஸ்தோல் என்று பெயர். காசு கொடுத்தால் கிடைக்கும் அறை: ஜன்னல், கணப்பு அடுப்பு, கடல் காற்று. ஜெயிலில் ஏ வகுப்பு, பி வகுப்பு என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோமே, அதன் அரசர் காலத்துப் பதிப்பு. மேலே ஒரு பிஸ்தோலுக்குள் நுழைந்தபோது என் பையன் "இது நம்ம பாரிஸ் வீட்டு ஹாலைவிடப் பெருசு" என்றான். பொய்யில்லை. கணப்பின் கல் விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருந்தது. குளிருக்கு அதில் காலை வைத்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரோ. கீழே போய் ஒரு இருட்டறைச் சுவரைத் தொட்டேன். பகல் பன்னிரண்டு மணி, வெளியே கோடை வெயில், கல் ஈரமாகக் கையில் ஒட்டியது. தாந்தேஸ் கப்பலில் வேலை பார்த்த பையன், அப்பா பட்டினி கிடந்து சாகிற அளவுக்கு ஏழை. கதைப்படி அவன் கீழேதான் கிடந்திருப்பான், பலகையும் கீழேதான் தொங்குகிறது. இந்த இடத்தில் மட்டும் கற்பனை நிஜத்தோடு ஒத்துப்போகிறது.

மிராபோவின் அறையையும் தேடிப் பாருங்கள். பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் பெரிய பேச்சாளரான அவரை 1774ல் இங்கே அடைத்தது சொந்த அப்பா. கடன் வாங்கி ஊதாரித்தனம் செய்கிறான் என்று மன்னரிடமிருந்து முத்திரையிட்ட ஆணை வாங்கி அனுப்பிவிட்டார். விசாரணை கிடையாது, வக்கீல் கிடையாது. நாவலில் நடப்பது இதைத் திருப்பிப் போட்டது: வில்ஃபோர், நெப்போலியன் ஆதரவாளரான தன் அப்பாவின் அரசியல் வெளியே தெரிந்தால் தன் பதவி போய்விடும் என்று, அப்பாவுக்கு வந்த ரகசியக் கடிதத்தை எரித்துவிட்டு, அதைக் கொண்டுவந்த தாந்தேஸை உள்ளே அனுப்புகிறார். தாந்தேஸ் மீது அவருக்குக் கோபம்கூட இல்லை. சின்ன வயதில் எனக்கு மொட்டைக் கடிதம் எழுதிய தாங்லார்மேல்தான் ஆத்திரம். இப்போது, அலுவலகங்களில் கையெழுத்துக்கு அலைந்து பழகிய வயதில், வில்ஃபோரை நினைத்தால்தான் கை கூசுகிறது.

சித்தப்பாவுக்குப் பிடித்த தகவல் வேறொன்று. எகிப்தில் 1800ல் கொல்லப்பட்ட பிரெஞ்சுத் தளபதி கிளேபரின் உடலைப் பெட்டியில் வைத்து இந்தத் தீவில் இறக்கி, 1818 வரை அடக்கம் செய்யாமலே வைத்திருந்தார்கள். அவர் கல்லறை குடியரசுக்காரர்கள் கூடும் இடமாகிவிடும் என்று நெப்போலியனுக்குப் பயம் என்பார்கள். அப்படியானால் தாந்தேஸ் 1815ல் உள்ளே வந்தபோது அந்தப் பெட்டி இங்கேதான் இருந்திருக்கிறது! "செத்தவனையே பதினெட்டு வருஷம் ஜெயில்ல வச்சவனுங்க, உயிரோட இருக்கறவன பதினாலு வருஷம் வைக்க மாட்டானுங்களா?" என்று சித்தப்பா முற்றத்தில் நின்று சத்தமாகவே சொன்னார். தமிழ் தெரிந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தியர்களுக்கு இங்கே இரண்டு உறவினர்கள் உண்டு. முதலாமவர் ஒரு காண்டாமிருகம். குஜராத் சுல்தான் போர்த்துக்கீசியருக்குக் கொடுக்க, கோவா வழியாக 1515ல் லிஸ்பன் போய், அங்கிருந்து போப்பாண்டவருக்குப் பரிசாக ரோமுக்குக் கப்பலேறியது. 1516 தொடக்கத்தில் வழியில் இந்தத் தீவில் இறக்கி வைத்தார்கள். பிரான்சுவா மன்னர் வந்து வேடிக்கை பார்த்தார். இத்தாலியக் கரையோரம் கப்பல் மூழ்கி, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மிருகமும் மூழ்கியது. ஜெர்மன் ஓவியர் டியூரர் வரைந்த புகழ்பெற்ற காண்டாமிருகம் இதுதான். நேரில் பார்க்காமலே வரைந்தார்.

இரண்டாமவர் ஃபாரியா பாதிரியார். நாவலில் அவரை இத்தாலியராக்கிவிட்டார் துமா. பெயருக்குச் சொந்தக்காரர் கோவாக்காரர்: ஜோசே குஸ்தோதியோ த ஃபாரியா, 1756ல் காந்தோலிமில் பிறந்தவர். பாரிஸில் ஹிப்னாடிசம் செய்து காட்டிப் பேர் வாங்கினார், மார்சேயில் தத்துவம் கற்றுக்கொடுத்தார். லிஸ்பனில் அரசி முன்னால் பிரசங்க மேடையேறி வாயடைத்து நின்றபோது, கீழேயிருந்து அவர் அப்பா கொங்கணியில், "எல்லாம் காய்கறிதான், நறுக்கித் தள்ளுடா" என்று உசுப்பிவிட்டதாகக் கோவாவில் கதை சொல்வார்கள். பணஜியில் பழைய தலைமைச் செயலகத்தின் பக்கத்தில் அவர் சிலை இருக்கிறது, ஒரு பெண்ணை மயக்க நிலையில் ஆழ்த்துகிற மாதிரி கைகளை நீட்டியபடி. கோவாவுக்கு நாலு தடவை போன நம் ஆட்கள்கூட அது யாரென்று கேட்டிருக்க மாட்டார்கள்.

மொட்டைமாடிக்கு ஏறினால் காட்சிக்கே கொடுத்த காசு சரியாகிவிடும். ஒருபக்கம் ஃப்ரியூல் தீவுகளின் வெள்ளைப் பாறைகள், மறுபக்கம் மார்சேய், உச்சியில் நோத்ர தாம் த லா கார்த் மாதா கோயில். கைதிக்கு இந்த ஊர் இவ்வளவு பக்கத்தில் தெரிந்திருந்தால் அது இன்னொரு தண்டனை. சுவரோரம் எட்டிப் பார்த்தேன்: கீழே நேராகக் கடல் இல்லை, முட்டிக்கொண்டு நிற்கும் பாறைகள். கோணியை வீசிய இரண்டு பேருக்கும் புஜபலம் நன்றாக இருந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் நாவல் அந்த அத்தியாயத்தோடு முடிந்திருக்கும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் போனால் கடற்காக்கைகள் தலையைக் குறிவைத்து இறங்கும், தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சிறையிலிருந்து நிஜமாகத் தப்பித்ததாக யாருடைய பெயரும் தெரியவில்லை. இன்றைக்கு வேடிக்கை என்னவென்றால், 1999லிருந்து கோடையில் மாண்டி கிறிஸ்டோ பெயரில் ஒரு நீச்சல் போட்டி நடக்கிறது. இந்தத் தீவுப் பக்கம் குதித்து ஊர்க் கடற்கரைவரை 5 கிலோமீட்டர். காசு கட்டி, பெயர் கொடுத்து, காலில் குண்டு இல்லாமல் தப்பிக்கிறார்கள்.

பழிவாங்குதல் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் திரும்பும் படகில் எங்களுக்குள் அதுதான் சண்டை. துமாவுக்குக் கரு கொடுத்தது, காவல்துறை ஆவணக் காப்பாளராக இருந்த பெஷே எழுதிவைத்த ஒரு சம்பவம். நீம் நகரைச் சேர்ந்த பிக்கோ என்ற செருப்புத் தொழிலாளி. 1807ல் அவன் கல்யாணத்தில் பொறாமைப்பட்ட நண்பர்கள் அவனை ஆங்கிலேய உளவாளி என்று காட்டிக்கொடுக்க, ஏழு வருடம் ஃபெனெஸ்ட்ரெல் கோட்டையில் அடைபட்டான். அவன் தப்பிக்கவில்லை, 1814ல் நெப்போலியன் வீழ்ந்ததும் விடுதலையானான். பிறகு மாறுவேடத்தில் வந்து ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டினான், கடைசியில் அவனையே ஒருவன் பிடித்து அடைத்துவைத்துக் கொன்றான் என்று முடிகிறது பெஷேயின் கதை. துமா கத்தியை எடுத்துவிட்டுப் பணத்தைக் கையில் கொடுத்தார். தாந்தேஸ் யாரையும் குத்துவதில்லை. தந்தி நிலையத்துக்காரனுக்கு லஞ்சம் கொடுத்துப் பொய்ச் செய்தி அனுப்பித் தாங்லாரின் பங்குச்சந்தைப் பணத்தைக் கரைக்கிறான், மொட்டைக் கடிதத்தில் தாங்லாரின் கூட்டாளியான ஃபெர்னானின் பழைய துரோகத்தைச் சபையில் அம்பலமாக்குகிறான்.

என் பையனுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. "ஸ்மார்ட்டான ரிவெஞ்ச்" என்றான். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "புதையல் கெடைச்சவன் பழிவாங்கினான். கெடைக்காதவன் என்ன பண்ணுவான்? செவுத்துல எழுதுவான்" என்றார். அவர் சொன்னது முற்றத்தில் நாங்கள் பார்த்த ஒரு கல்வெட்டை. ஒரு அறைவாசலுக்கு மேலே, 1848 கலகத்தில் பிடிபட்டவர்கள் "மாட்சிமை பொருந்திய மக்களின் விடுதி" என்று பிரெஞ்சில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குசும்பு பாருங்கள். உளி எங்கே கிடைத்தது, காவலாளி என்ன சொன்னான், எத்தனை நாள் வேலை, எதுவும் பக்கத்தில் எழுதிவைக்கவில்லை. தாந்தேஸ் ஓட்டைக்குக் கொடுத்த கவனத்தில் கால்பங்கு இதற்குக் கொடுத்திருந்தால் நான் ஐந்துக்கு ஐந்தே போட்டிருப்பேன்.

சில நடைமுறை விஷயங்கள். காலை முதல் படகில் போங்கள், பதினொரு மணிக்குமேல் தாந்தேஸ் அறையில் நிற்க இடமிருக்காது. ஒன்றரை மணி நேரம் கோட்டைக்குத் தாராளம். குளிர்காலத்தில் திங்கட்கிழமை மூடியிருக்கும். தண்ணீர் கையில் கொண்டுபோங்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்தால் பலகைகள் புரியும், சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் முந்தைய நாளே கதையைச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் காலி அறைகள். ஃப்ரியூல் தீவையும் சேர்த்து டிக்கெட் எடுத்தால் அங்கே இறங்கி மத்தியானம் குளித்துவிட்டு வரலாம்.

காற்று அடித்துப் படகு ரத்தானால் ஹோட்டலுக்குத் திரும்பாதீர்கள். துறைமுகத்தின் தென்கரையோரமாக நடந்தால் கத்தலான் கடற்கரை வரும், கதையில் மெர்சேதெஸ் வாழ்ந்த குப்பம் அந்தப் பகுதிதான். மணலில் உட்கார்ந்தால் கோட்டை எதிரே தெரியும். டிக்கெட் கிடையாது.